பெயர்போன ஊர்

பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பத்தின் பெயரில் கோட்டை இருக்கிறது. தரையில் தேடினால், 1613இல் டச்சுக்காரர்கள் கட்டி முடித்த ஹெல்ட்ரியா கோட்டை புதர் மண்டிய மேடாகக் கிடக்கிறது. கோட்டை போய்விட்டது, அதை ஒட்டி வாழ்ந்த மீனவர் குப்பம் நிலைத்துவிட்டது. தமிழகக் கடற்கரையின் மற்றக் குப்பங்களைப் போலவே பழவேற்காட்டு ஏரிக்கரையிலும் இன்று தொழிலோடு கைப்பேசி சேர்ந்துகொண்டிருக்கிறது. படகு கரையேறியதும் நண்டையும் இறாலையும் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது, கருவாட்டுக்கு ஒரு ஃபேஸ்புக் பக்கம் தொடங்குவது, பனையோலைப் பெட்டியை இன்ஸ்டாகிராமில் காட்டுவது என்று சிறுதொழிலின் விளம்பரம் இப்போது இப்படித்தான் நடக்கிறது. இவர்கள் எல்லோருக்கும் சொல்லப்படும் அறிவுரை ஒன்றுதான்: முதலில் பெயரைப் பரப்பு, மற்றதெல்லாம் பின்னால் வரும். அந்த அறிவுரையைச் சோதித்துப் பார்க்கப் பழவேற்காட்டைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை. நானூறு ஆண்டுகளுக்கு முன்பே உலகம் சுற்றிய பெயர் இந்த ஊருடையது. பெயர் போனது. மற்றது பின்னால் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

பெயர் எவ்வளவு தூரம் போனது என்று முதலில் பார்த்துவிடலாம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கரைகளைப் பற்றி எழுதிய போர்ச்சுக்கீசியர் துவார்த்தே பர்போசா, பழவேற்காட்டை விஜயநகர அரசின் பெரிய துறைமுகங்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறார். இங்கிருந்து சாயமிட்ட பருத்தித் துணிகள் மலாக்காவுக்கும் பெகுவுக்கும் சுமத்ராவுக்கும் போயின. துணியோடு ஊர்ப்பெயரும் கப்பலேறியது. மலாய் மொழியில் ஆண்கள் இடுப்பில் கட்டும் கட்டம்போட்ட கைலிக்கு ‘காய்ன் பெலிகாட்’ என்று பெயர். ‘காய்ன்’ என்றால் துணி, ‘பெலிகாட்’ என்பது பழவேற்காடு. இந்தோனேசியாவிலும் சிறு உச்சரிப்பு மாற்றத்தோடு அதே பெயர்தான். ஆங்கில அகராதியில் ‘புலிகேட்’ என்ற சொல்லுக்கு வண்ணக் கைக்குட்டை என்று பொருள் ஏறியது. தமிழிலேயே ‘பாளையக்காட்டு லுங்கி’ என்று நெடுங்காலம் விற்றது இதே ஊர்ப்பெயரின் இன்னொரு வடிவம். வெளியே போன பெயர் மறுபடி தமிழுக்கு வந்தபோது அடையாளம் மாறி வந்தது. வாங்குகிறவர் பலருக்கு அது ஓர் ஏரிக்கரை ஊரின் பெயர் என்றே தெரியாது. ஓர் ஊரின் பெயர் பல மொழிகளில் ஒரு பொருளின் பெயராகவே ஆகிவிடுவது, இன்றைய விளம்பர நிறுவனங்கள் கோடிகளைக் கொட்டினாலும் எளிதில் கிடைக்காத புகழ்.

இந்தப் புகழ் எப்படி வந்தது? யாரும் பறையடித்துச் சொல்லவில்லை, துணிதான் சொன்னது. கிழக்குத் தீவுகளில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் விளைந்தன. அவற்றை விளைவித்தவர்கள் ஐரோப்பியச் சரக்கை விரும்பவில்லை; சோழமண்டலக் கரையின் துணியைக் கேட்டார்கள். 1612இல் டச்சுக் கம்பெனியின் ஹென்ட்ரிக் பிரவுவர் இந்தக் கரையை மொலுக்காஸ் தீவுகளின் இடது கைக்கு ஒப்பிட்டு எழுதியது அதனால்தான். இங்கே துணி கிடைக்காவிட்டால் அங்கே வியாபாரமே நடக்காது என்பது அவர் கணிப்பு. எந்தத் தீவில் எந்தக் கட்டம் விலைபோகும், எந்தச் சிவப்பு பிடிக்கும், கரை எத்தனை விரல் அகலம் இருக்க வேண்டும் என்ற செய்தி மாதிரித் துணிகளாகக் கப்பலில் திரும்பி வந்தது. அதைப் பார்த்து உள்நாட்டு நெசவு ஊர்களில் பாவு ஓடியது; சாயவேரில் சிவப்பு ஏறியது; அடுத்த பருவக் காற்றில் துணி புறப்பட்டது. இன்றைய மொழியில் சொன்னால் வாடிக்கையாளர் கருத்தைக் கேட்டுச் சரக்கை மாற்றும் முறை அது. ஒரு சுற்றுக்கு ஓராண்டோ இரண்டாண்டோ ஆகும் என்பதுதான் வேறுபாடு. நெசவாளரின் கைத்திறனும் சாயக்காரரின் நுட்பமும் இல்லாமல் அந்தப் பெயர் ஒரு நாளும் நின்றிருக்காது. பெயரின் மூலதனம் முழுவதும் இந்தக் கரையிலிருந்தும் அதன் பின்நிலத்திலிருந்தும்தான் போனது.

ஆனால் துணியின் ஓரத்தில் இருந்த முத்திரை யாருடையது என்று பாருங்கள். இந்தோனேசியத் தீவுகளில் குலச்சொத்தாகக் காத்துவைக்கப்பட்டு இன்று அருங்காட்சியகங்களுக்கு வந்திருக்கும் பழைய இந்தியத் துணிகள் சிலவற்றில், டச்சுக் கம்பெனியின் மூன்றெழுத்தைப் பின்னிப் போட்ட முத்திரை இருக்கிறது. நெய்தவரின் அடையாளமோ சாயமிட்டவரின் அடையாளமோ துணியில் இல்லை. வாங்கியவருக்குத் தெரிந்தவை இரண்டு: சரக்கு எந்தத் துறையிலிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் துணியை உண்டாக்கியவர் மறைந்துபோனார். அந்தத் தீவுக்காரர் நெசவாளரைக் கண்டதில்லை. நெசவாளரும் அந்தத் தீவைக் கண்டதில்லை. நல்ல துணி கிடைத்தால் கம்பெனியின் நம்பகம் உயர்ந்தது. துணி பழுதானால் இங்கே நெசவாளரின் கூலி குறைந்தது. பெயர் பரவுவதும் பெயர் கையில் இருப்பதும் வேறுவேறு என்று நான் சொல்வது இந்த முத்திரையைக் கண்முன் வைத்துத்தான்.

இங்கே அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. நெசவாளர் எக்காலத்திலும் ஏமாளியாக இருந்தார், கடல் வணிகம் அவரை எப்போதும் சுரண்டியது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற வழக்கம் உண்டு. வரலாறு அவ்வளவு தட்டையாக இல்லை. 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளர்களை ஆராய்ந்த பிரசன்னன் பார்த்தசாரதி காட்டுவது வேறு சித்திரம். நெசவாளர் வணிகரிடம் முன்பணம் வாங்கித்தான் பாவு போட்டார். ஆனால் அந்த முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது. கொடுத்த வணிகருக்கு அந்த உரிமை இல்லை. விலை ஏறினால் நெசவாளர் பணத்தைத் திருப்பிவிட்டு, கூடுதலாகத் தருகிறவருக்கு நெய்தார். தொந்தரவு மிகுந்தால் தறியைக் கழற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போனார். அப்படிப் போகிறவரை வரவேற்று வரிச்சலுகை கொடுத்துக் குடியமர்த்தவும் ஆட்சியாளர்கள் இருந்தார்கள். சின்னப்பா அரசரத்தினம் சோழமண்டல வணிகர்களைப் பற்றி 1986இல் வெளியிட்ட நூலைப் படித்தாலும், இந்தக் கரையில் எத்தனை வகை வாங்குவோர் போட்டியிட்டார்கள் என்பது தெரியும். மரக்காயர்கள், செட்டிகள், தெலுங்கு வணிகர்கள், போர்ச்சுக்கீசியத் தனி வணிகர்கள், டச்சுக்காரர்கள், டேனியர்கள், 1639 முதல் அதிக தூரமில்லாத சென்னைப்பட்டினத்து ஆங்கிலேயர்கள், பின்னால் பிரெஞ்சுக்காரர்கள் என்று பட்டியல் நீளும்.

ஆக, நெசவாளரின் பலம் அவர் துணியின் புகழில் இருந்ததைவிட, அந்தத் துணி வெளியே போகும் வழிகளின் எண்ணிக்கையில் இருந்தது. புகழ் அப்படியே இருக்க, வழி ஒன்றாகச் சுருங்கியபோது என்ன நடந்தது என்பதே இதற்குச் சான்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கம்பெனி இந்தப் பகுதியின் அரசாகவே ஆனது. வாங்குகிறவரும் அதுவே, வரி வாங்குகிறவரும் அதுவே, வழக்குத் தீர்க்கிறவரும் அதுவே. நெசவாளர் வேறு யாருக்கும் நெய்யக் கூடாது என்று தடை வந்தது. காவலுக்குச் சேவகர்கள் நின்றார்கள். முன்பணத்தைத் திருப்பும் உரிமை போயிற்று. துணியின் தரம் குறைந்ததாலோ பெயர் மங்கியதாலோ அவர் வீழவில்லை. அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் சென்னைக் கரைத் துணிக்குக் கிராக்கி இருந்த காலத்திலேயே அவர் கட்டுண்டார். பழவேற்காடும் 1690இல் டச்சுத் தலைமையிடம் என்ற இடத்தை நாகப்பட்டினத்திடம் இழந்து, பிறகு டச்சுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே கைமாறிக் கைமாறி, 1825இல் முழுவதுமாக ஆங்கிலேயரிடம் போய்ச் சேர்ந்தது.

அதற்குள் பெயர் தன் ஊரை விட்டே வெளியேறியிருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டாரத்துத் தறிகள் ‘புலிகேட்’ கைக்குட்டைகளை நெய்யத் தொடங்கின. பெயர் பழவேற்காட்டினுடையது, பருத்தி அட்லாண்டிக் கடந்தது, தறி ஸ்காட்லாந்துக்காரருடையது. 19ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் டோகன்பர்க் பள்ளத்தாக்கிலும் கீழைத் தீவுகளின் சந்தையைக் குறிவைத்துக் கைலித் துணி நெய்து கப்பலேற்றினார்கள். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் யாரோ நெய்த கட்டத்தை ஜாவாவில் ஒருவர் கட்டிக்கொண்டார். பெயருக்கும் வடிவத்துக்கும் ஊர் தேவைப்படவில்லை. இதைத் திருட்டு என்று சொல்லத் தோன்றும். அன்றைக்கு அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை, கேட்கும் நிலையில் யாரும் இல்லை. பெயர் பொதுச்சொல்லாக ஆகிவிட்டால் அதற்கு உரிமை கொண்டாட முடியாது; புகழின் உச்சியிலேயே இந்த அபாயம் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பழவேற்காட்டுத் துணியின் ஒன்றுவிட்ட உறவான சென்னைக் கட்டத்துணியின் கதை அது. 1958இல் நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடை இந்தத் துணியில் சட்டைகளும் கால்சட்டைகளும் தைத்து விற்றது. குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை, சாயம் கலைந்து ஓடியது, புகார் குவிந்தது. பிறகு அந்தக் குறையையே பெருமையாக மாற்றினார்கள். ஒவ்வொரு துவைப்பிலும் நிறம் மாறிப் புதுத் துணிபோல ஆகும் அதிசயத் துணி என்று பத்திரிகையில் எழுதச்செய்து, சாயம் போவதற்கு உத்தரவாதம் தருவதாகவே விளம்பரம் செய்தார்கள். அமெரிக்க இளைஞர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். விளம்பரப் பாடங்களில் இது வெற்றிக்கதையாகச் சொல்லப்படுகிறது. வெற்றிதான். ஆனால் கதையைச் சொன்னவர் கடைக்காரர்; கதைக்குக் கிடைத்த விலையும் பெரும்பாலும் கதை சொன்ன இடத்திலேயே தங்கியது. ஒரே துணி, சாயம் போகும் துணி என்று சொன்னால் திரும்பி வருகிறது, நிறம் மாறும் துணி என்று சொன்னால் பறக்கிறது. அந்தச் சொல்லைச் சொல்லும் வாய்ப்பு நெய்தவர் கையில் இருந்ததே இல்லை.

இப்போது ஒரு வலுவான மறுப்புக்கு வருகிறேன். டச்சுக் கம்பெனி பீரங்கி வைத்திருந்தது. பழவேற்காட்டில் வெடிமருந்து ஆலையே நடத்தியது. பஞ்ச காலங்களில் மனிதர்களை விலைக்கு வாங்கி, இந்தத் துறையிலிருந்து ஆயிரக்கணக்கில் அடிமைகளாகப் பட்டாவியாவுக்கு ஏற்றியது. அப்படிப்பட்ட ஒன்றை ஒரு கைப்பேசிச் செயலியோடு ஒப்பிடுவது சரியா? சரியல்ல, கொடுமையின் அளவில் ஒப்பிட்டால். அந்தக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களின் துயரத்துக்கு இணையாக எதையும் வைக்க நான் துணியவில்லை. அதைச் சாதாரண உவமையாக ஆக்குவது அவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு. என் ஒப்பீடு ஒரே ஓர் இடத்தில்தான் நிற்கிறது: செய்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவிலுள்ள வழி ஒருவர் கையில் மட்டும் இருந்தால், செய்கிறவரின் புகழ் அவருக்குச் சோறு போடாது. இதற்குத் துப்பாக்கி கட்டாயமில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கம்பெனி வாங்குவோரையெல்லாம் விரட்டித் தனி வழியை உண்டாக்கியது. இன்று வசதியே அந்த வேலையைச் செய்கிறது; எல்லோரும் ஒரே இடத்தில் கூடுவதால் வேறு வழிகள் தாமாகத் தூர்ந்துபோகின்றன.

அடுத்த மறுப்பு இன்னும் நியாயமானது. அன்றைய நெசவாளருக்குப் பேச வாய் இல்லை. இன்று குப்பத்தில் இருப்பவர் தன் முகத்தையும் குரலையும் தானே உலகத்துக்குக் காட்டுகிறார். முத்திரை அவருடையதாகவே இருக்கிறது. இதை மறுக்க மாட்டேன். இராமநாதபுரம் மாவட்டத்து மூக்கையூரிலிருந்து ‘உங்கள் மீனவன்’ என்ற பெயரில் வரும் யூடியூப் காணொளிகளை இலட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். வலை வீசுவதையும் மீன் வகைகளையும் கடலின் அபாயத்தையும் மீனவரே தம் சொந்தப் பேச்சில் சொல்வது தமிழுக்கே புதிது. நூற்றாண்டுகளாக மீனவரைப் பற்றிப் பெரும்பாலும் மற்றவர்கள்தான் எழுதினார்கள். பழவேற்காட்டிலேயே, காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டம் வந்தபோது, 2021 தொடக்கத்தில் அதை எதிர்த்து எழுந்த குரல் சமூக ஊடகங்கள் வழியாகத் தமிழகம் முழுவதும் கேட்டது. ஏரியின் பெயர் கைலியின் பெயராகவோ பறவைகள் சரணாலயத்தின் பெயராகவோ மட்டும் இல்லாமல், அங்கே வாழும் மக்களின் பெயராக ஒலித்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிவான பிறகு நடந்த இந்த மாற்றம் சிறிதல்ல. இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனாலும் வாய் கிடைத்தது வேறு, வழி கிடைத்தது வேறு. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது; டிக்டாக் அதில் ஒன்று. தடைக்கு அரசு சொன்ன காரணம் நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும். அது சரியா தவறா என்ற விவாதம் இங்கே வேண்டாம். அந்தச் செயலியில் தன் தொழிலைக் காட்டி ஆயிரக்கணக்கில் ஆள் சேர்த்திருந்த தையல்காரருக்கும் சமையல்காரருக்கும் மீன் வியாபாரிக்கும் என்ன ஆயிற்று என்பதே இங்கே கேள்வி. பார்த்தவர்கள் எங்கும் ஓடிவிடவில்லை. அதே ஊரில், அதே வீட்டில், அதே கைப்பேசியோடு இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட இவரிடம் ஒரு எண்ணும் இல்லை. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 2018 ஜனவரியில், நண்பர்கள் குடும்பத்தார் பதிவுகளுக்கு முன்னிடம் கொடுத்து, வணிகப் பக்கங்களின் பதிவுகளைக் குறைத்துக் காட்டப்போவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. பணம் கட்டினால் காட்டும். பக்கத்தை விரும்பிப் பின்தொடர்ந்தவருக்குக்கூட அந்தப் பக்கத்தின் செய்தி போய்ச்சேர வாடகை கொடுக்க வேண்டியதாயிற்று. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்தாற்போல ஆறு மணி நேரம் நின்றுபோயின. மூன்றும் நின்றது ஏன் என்றால், மூன்றும் ஒருவருடையவை. 2012இல் இன்ஸ்டாகிராமையும் 2014இல் வாட்ஸ்அப்பையும் ஃபேஸ்புக் வாங்கிவிட்டது. கடை விரிக்கும் இடம் மூன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், முதலாளி ஒருவரே. பல துறைமுகங்களுக்கு ஒரே கம்பெனி என்ற நிலை இந்தக் கரைக்குப் புதிதல்ல.

அப்படியானால் நடுவில் யாருமே இருக்கக் கூடாதா என்று கேட்கலாம். அப்படி நான் சொல்லவில்லை. கடலில் விடிய விடிய நின்றவர் கரையேறிய பிறகு வாடிக்கையாளருக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க முடியாது. பனிக்கட்டி, வண்டி, கணக்கு இவற்றுக்கு ஆள் வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பழவேற்காட்டில் மலையா என்று பெயர்பெற்ற செட்டியும் அவர் தம்பி சின்னண்ணாவும் டச்சுக்காரர்களுக்கும் உள்நாட்டுக்கும் நடுவில் நின்று பெரும் வணிகம் நடத்தினார்கள். துபாஷி, தரகர், கப்பல் உடைமையாளர், அரசவைத் தூதர் என்று எல்லாமும் அவர்களே. அவர்கள் இல்லாமல் கம்பெனியால் ஒரு மூட்டைத் துணி திரட்டியிருக்க முடியாது. இடையாள் இருப்பது கேடில்லை. மாற்ற முடியாத இடையாளாக ஆவதே கேடு. இன்றைய கடற்கரையில் வியாபாரி கொடுக்கும் முன்பணமும் இதே இயல்புடையது. வலைக்கும் இயந்திரத்துக்கும் கடன் கொடுத்தவரிடமே மீனைப் போட வேண்டும், அவர் சொன்னதே விலை என்னும்போது ஏலத்துக்குப் பொருளில்லை. மாறாகக் கடனை அடைத்துவிட்டு வேறொருவருக்குப் போட முடிந்தால், அதே முன்பணம் தொழிலுக்குத் துணை. 18ஆம் நூற்றாண்டு நெசவாளர் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஏன் அவ்வளவு பிடிவாதமாகக் காத்தார் என்பது இங்கே விளங்கும்.

இதற்கு விடை தேட வெளிநாட்டுப் பாடம் வேண்டாம். கோட்டைக்குப்பத்திலேயே ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. பழவேற்காட்டு ஏரியின் தென்பகுதியில் கோட்டைக்குப்பம், நடுவூர்க்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் ‘பாடு’ என்ற முறையைப் பல தலைமுறைகளாகக் கடைப்பிடித்து வந்திருக்கிறார்கள். இறால் ஓடும் நல்ல நீர்ப்பரப்பு யாருக்கும் சொந்தமில்லை; தலைக்கட்டாகச் சேர்ந்தவர்களுக்கு முறை வைத்துச் சுற்றி வரும். இன்று இவருக்குக் கிடைத்த இடம் நாளை அடுத்தவருக்கு. திறமையாளர் நிறையப் பிடிக்கலாம். ஆனால் நல்ல இடத்தை வளைத்துப்போட முடியாது. மீனின் வழியைப் பங்கிடத் தெரிந்த ஊருக்கு வாங்குவோர் வழியைப் பங்கிட முடியாதா? ஊருக்குப் பொதுவான ஓர் எண், பொதுவான ஒரு பக்கம், வாங்குகிறவர்களின் பெயரும் முகவரியும் எழுதிய ஊர்ப் பேரேடு, வருகிற கேள்விகள் முறைப்படி வீட்டுக்கு வீடு போகும் ஏற்பாடு, இவை எல்லாம் பாடு முறையின் நீட்சிதான். பாடு குறையற்றதென்று சொல்ல வரவில்லை. தலைக்கட்டுக்கு வெளியே நின்ற சமூகங்களுக்கும் அண்டை ஊர்களுக்கும் அது கதவை அடைத்தது. அதனால் சண்டைகளும் வழக்குகளும் வந்தன. பெண்களுக்கு அதில் இடமில்லை. பழைய முறையை அப்படியே எடுக்காமல், அதன் நடுவிலுள்ள அறிவை மட்டும் எடுத்து வாசலை அகலமாக்க வேண்டும். மீன் விற்கும் பெண்களும் ஓலை முடையும் முஸ்லிம் பெண்களும் சேராத ஊர்ப் பேரேடு பாதிப் பேரேடுதான்.

சட்டமும் ஒரு துணை. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. ஊர்ப்பெயரைப் பொருளின் பெயராகப் பயன்படுத்தும் உரிமை அந்த ஊர்க்காரருக்கே என்று சொல்லும் இப்படியொரு சட்டம் 18ஆம் நூற்றாண்டில் இருந்திருந்தால் கிளாஸ்கோ தறிக்காரர் வேறு பெயர் தேடியிருப்பார். செட்டிநாட்டுக் கொட்டான் 2013இல் இந்தக் குறியீட்டைப் பெற்றது. அதுவும் பனையோலைதான், அதுவும் பெண்களின் கைவேலைதான். அருகிக்கொண்டிருந்த கலை ஓர் ஊர்ப்பெயரோடு பதிவாகி மீண்டும் விலைபெற்றதற்கு அது நல்ல சான்று. ஆனால் பதிவு மட்டும் வாடிக்கையாளரைக் கூட்டிவராது. பெயரை இன்னொருவர் எடுக்காமல் அது தடுக்கும். வாங்குகிறவரின் முகவரியைத் தேடிப் பிடிப்பது செய்கிறவரின் வேலை.

அடுத்த வாரச் சோற்றுக்கு வழி தேடுகிறவரிடம் நானூறு ஆண்டுக் கதையைச் சொல்லி என்ன பயன் என்று யாராவது கேட்டால், என் பதில் சிறியது. இந்தக் கதை கேட்பது மூன்று வேலைகளை மட்டும். ஸ்டேட்டஸ் போடுங்கள், ரீல்ஸ் எடுங்கள், எதையும் நிறுத்த வேண்டாம். ஆனால் ஒவ்வொரு விற்பனையின்போதும் வாங்கியவர் பெயரையும் எண்ணையும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதி வையுங்கள். செயலி போனாலும் நோட்டு போகாது. ஒரே செயலியிலோ ஒரே வியாபாரியிடமோ முழுத்தொழிலையும் ஒப்படைக்காதீர்கள். சந்தைக்கூடை, தெரிந்த கடை, வாட்ஸ்அப், வாய்வழிச் சொல் என நான்கு வழி திறந்திருக்கட்டும். பொட்டலத்தின் மேல் ‘பழவேற்காடு’ என்று மட்டும் போடாமல், குப்பத்தின் பெயரையும் செய்தவர் பெயரையும் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். டச்சு முத்திரை இருந்த இடம் அது. இப்போது காலியாக இருக்கிறது.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சென்னையில் யாராவது பழவேற்காட்டு நண்டு என்றோ பழவேற்காட்டு ஓலைப்பெட்டி என்றோ சொல்லி விற்றால், எந்தக் குப்பம், யார் பிடித்தது, யார் முடைந்தது என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள். அவர் எண்ணைக் கைப்பேசியில் சேமிக்கும்போது ‘பழவேற்காடு நண்டு’ என்று போடாமல் அவர் பெயரைப் போட்டுச் சேமியுங்கள்.